என்ஜினோடுதான் வரும்

அத்தியாயம் 14

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அன்னக்கொடி கணவரோடு பேசவில்லை.

சோறு போட்டாள். சட்டை தேய்த்து வைத்தாள். கேட்டதற்கு "ம்" சொன்னாள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தட்டை ணங்கென்று வைத்திருந்தால் அழகுபாண்டி சமாளித்திருப்பார். இந்த அமைதிதான் அவரைப் படுத்தியது.

காரணம் அவருக்குத் தெரியும். உசிலம்பட்டியில் புதிதாகக் கட்டியிருக்கும் படைவீரர் நினைவிடத்தின் பீடத்தில் ஏற்றி வைக்க, தங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் பழைய ராணுவ லாரியைக் கொடுப்பதாக அன்று நடந்த ஊர்க்கூட்டத்தில் மைக் பிடித்துச் சொல்லிவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அவளுக்கே, ஊருக்குத் தெரிந்த போதுதான் தெரிந்தது.

லாரி 'சக்திமான்' என்ற ரகம். ராணுவத்தில் ஓடித் தேய்ந்து ஏலத்துக்கு வந்தது. அழகுபாண்டியும் ராணுவத்தில் ஓடியவர்தான். ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். செக்கானூரணிக்கு அப்பால் இருந்த தோட்டத்து வீட்டுக்கு அதை இழுத்துக்கொண்டு வந்தபோது ஊரே சிரித்தது. அன்னக்கொடியும் சேர்ந்து சிரித்தாள்.

அப்புறம் ஒரு நாள், "கொடி, இந்த ஸ்பேனரக் கொஞ்சம் பிடி" என்றார். பிடித்தவள் பிறகு விடவே இல்லை.

தையல்காரி அவள். ரவிக்கைக்கு அளவு பார்த்துத் துணி வெட்டிய கைக்கு, என்ஜின் இணைப்புகளுக்கு நடுவே வைக்கும் கேஸ்கெட் தாள் வெட்டுவது பெரிய காரியமாக இல்லை. வால்வு ஒவ்வொன்றையும் தேய்ப்புப் பசை தடவி, கையால் உருட்டி உருட்டி உரசி, காற்றுப் புகாமல் உட்கார வைத்தது அவள்தான். டீசல் பம்பை மட்டும் கோரிப்பாளையத்தில் ஒரு பாயிடம் கொடுத்துச் சரிபார்த்தார்கள். மற்றது எல்லாம் அந்த முற்றத்திலேயே நடந்தது. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் பந்தி பரிமாறும்போது, "நகத்துல என்னடி கறுப்பு?" என்று யாராவது கேட்டால், "டீசல்" என்று நிமிர்ந்து சொல்லுவாள்.

தீபாவளிக்கு மறுநாள் அந்த என்ஜின் உயிர் பிடித்தது. அதற்குப் பிறகு வாரம் தவறாமல் ஸ்டார்ட் செய்து, முற்றத்துக்குள்ளேயே முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து வந்தார்கள். பதிவும் இன்சூரன்ஸும் போன மாதம்தான் முடிந்தன. ரோட்டில் இறக்க நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்த மைக் அவர் கைக்கு வந்தது.

விழா நாளை. இன்று காலை வாசலில் ஒரு கிரேன் வந்து நின்றது.

கிரேனுக்கு முன்னால் பைக்கில் வந்தவர் நல்லகாமன், அழகுபாண்டியின் தம்பி. உசிலம்பட்டியில் உரக்கடை வைத்திருக்கிறார். நினைவிடம் வேண்டுமென்று நாயாய் அலைந்து, இடம் வாங்கி, கட்டி முடித்தவர் அவர்தான். பின் சீட்டில் பீடம் கட்டிய கான்ட்ராக்டர் இருந்தார்.

"மதினி, காப்பி கெடைக்குமா?" என்றார் நல்லகாமன், வழக்கமான உற்சாகத்தோடு.

அன்னக்கொடி கிரேனைப் பார்த்தாள். "கிரேன் எதுக்கு தம்பி? வண்டி தன்னால உருண்டு போகுமே?"

நல்லகாமன் கான்ட்ராக்டரைப் பார்த்தார்.

"என்ஜினையும் கியர்பாக்ஸையும் எறக்கிரணும்மா" என்றார் கான்ட்ராக்டர். "கல்வெட்டு வைக்கிறதுக்குன்னு போட்ட பீடம் அது. இம்புட்டுக் கனம் தாங்காது. வெறும் கூடு போதும். பச்சப் பெயிண்ட் அடிச்சு, டயருக்குக் கீழ சிமெண்டப் பூசிட்டோம்னா, பாக்குறவங்களுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியவா போகுது?"

அழகுபாண்டி வாளியைக் கீழே வைத்தார். விழாவுக்காக வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார் மனிதர். டூல்ஸ் பெட்டி, வாஷர் டப்பா எல்லாவற்றையும் இறக்கித் திண்டில் அடுக்கிவிட்டு, பின்பக்கத்தைக்கூடத் துடைத்து வைத்திருந்தார்.

"என்ஜின எறக்குறதா?"

"எனக்கே நேத்துத்தேன் சொன்னாருண்ணே" என்றார் நல்லகாமன். "எறக்கி இங்கேயே ஒரு ஓரமா வச்சுக்க. யாரு கேக்கப் போறா?"

அழகுபாண்டி லாரிப் பக்கம் திரும்பினார். ஸ்பேனரை எடுத்தார். பானட்டைத் திறந்தார். ரேடியேட்டரைப் பிடித்திருந்த முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினார்.

கை திரும்பவில்லை.

எத்தனையோ வண்டிகளின் என்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு இறக்கியவர். சரிசெய்து திரும்ப ஏற்றுவதற்காக இறக்கியவை அவை. திரும்ப ஏற்றப்போவதில்லை என்று தெரிந்து ஒரு போல்ட்டைக்கூட அவர் இதுவரை கழற்றியதில்லை.

அன்னக்கொடி காப்பித் தம்ளர்களை நல்லகாமனிடம் நீட்டி, "அந்த வேப்ப மரத்தடியில போய்க் குடிங்க" என்று அனுப்பினாள். பிறகு கணவரின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏன் சொன்னீக?"

ஒரு வாரத்துக்குப் பிறகு வந்த முதல் கேள்வி. அழகுபாண்டி போல்ட்டைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"மைக்குல தம்பி என் பேரச் சொன்னான். எல்லாரும் கைதட்டுனாங்க, கொடி. பட்டாளத்துல இருந்த வரைக்கும் எனக்கு யாரும் தட்டுனதில்ல. துப்பாக்கி பிடிச்சவனுக்குத் தட்டுவாக. வண்டிக்கு அடியில படுத்துக் கெடந்தவன் எவன் கண்ணுக்குத் தெரிவான்? அன்னைக்கு அம்புட்டுப் பேரும் தட்டவும், வாய் தன்னால சொல்லிருச்சு."

"தீபாவளிக்கு மறுநா இது ஓடுனப்ப நான் அழுதேனே. அது பத்தலையா உங்களுக்கு?"

அவர் நிமிர்ந்தார். அவள் கண்ணில் கோபம் இருந்தது. அதற்கு அடியில், இந்த வாரம் முழுக்க அவள் காட்டாமல் வைத்திருந்த வருத்தமும் இருந்தது.

"பத்தும்" என்றார். "எனக்குத்தேன் புத்தி பத்தல. ஒன்னயக் கேட்டிருக்கணும்."

ஸ்பேனரைப் போல்ட்டிலிருந்து எடுத்தார். வேப்ப மரத்தடிக்குப் போனார்.

"தம்பி, என்ஜின எறக்க முடியாதுடா."

நல்லகாமன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "என்னண்ணே வெளையாடுற? மைக்குல வாக்குக் குடுத்தவன் நீ. நாளைக்கு ஊரே வருது. உசுர விட்டவங்க குடும்பம் பூரா வருது. ரிட்டயர்டு பிரிகேடியர் வாராரு. வெறும் பீடத்தக் காட்டச் சொல்றியா?"

"வாக்கு குடுத்தது தப்புடா..."

"தப்புன்னு இன்னைக்கா சொல்றது?" நல்லகாமனின் குரல் உடைந்தது. "எங்க அண்ணன் தாரேன்னு சொன்னாருன்னு எம்புட்டுப் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன் தெரியுமா?"

அண்ணன் பேச்சு மாறியவர் என்ற பெயர் தம்பியின் தலையில்தான் விழும். அது அழகுபாண்டிக்கும் தெரியும்.

"வண்டி வரும் தம்பி" என்றாள் அன்னக்கொடி. எல்லாரும் திரும்பினார்கள். "உங்கண்ணன் பேச்சு தவற மாட்டாரு. ஆனா வெறும் கூடா வராது. என்ஜினோடதேன் வரும். தன் கால்ல ஓடி வந்து பீடத்துக்கு முன்னாடி நிக்கும். விழா முடிஞ்சதும் வீட்டுக்கு வந்துரும். வருசா வருசம் அப்படி வரும்."

"மதினி, இது இந்தக் காம்பவுண்டத் தாண்டாத வண்டி. நாளைக்கு நடுரோட்டுல படுத்துக்கிச்சுன்னா, அம்புட்டுப் பேரு முன்னாடி மானம் போகும்."

"அப்ப இன்னைக்கே ஓட்டிக் காட்டுறோம். உசிலம்பட்டி வரைக்கும். முன்னாடி நீங்களே உக்காருங்க."

நல்லகாமன் யோசித்தார். கிரேனைப் பார்த்தார். "கிரேன் பின்னாடியே வரட்டும். வழியில நின்னு, அது கட்டி இழுக்குற நெலம வந்துச்சுன்னா, பேசாம என்ஜின எறக்கிரணும். சரியா மதினி?"

"சரி."

"கொடி..." என்றார் அழகுபாண்டி பதறிப்போய்.

"ஓட்ட வாரீகளா, இல்ல நான் ஓட்டவா?" என்றாள். அவளுக்கு ஓட்டத் தெரியாது. ஆனாலும் அந்த நிமிடத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

என்ஜின் முதலில் வெள்ளைப் புகை விட்டது. ஒரு தடவை உதறியது. பிறகு தன் தாளத்தைப் பிடித்துக்கொண்டு முற்றம் அதிர ஓட ஆரம்பித்தது. ஆயில் அழுத்தம் காட்டும் முள் ஏறுவதைப் பார்த்துவிட்டு அழகுபாண்டி கியரைப் போட்டார். கான்ட்ராக்டர் நல்லகாமனின் பைக்கை வாங்கிக்கொண்டு தன் வேலைக்குப் போனார். லாரியில் நடுவில் நல்லகாமன், ஓரத்தில் அன்னக்கொடி. பின்னால் கிரேன்.

தோட்டத்துப் பாதையைக் கடந்து மெயின் ரோட்டில் ஏறியதும், எதிரே வந்த டவுன் பஸ் டிரைவர் வேகத்தைக் குறைத்து, நீளமாக ஹாரன் அடித்துவிட்டுப் போனார். சோளக்காட்டில் வேலை பார்த்தவர்கள் நிமிர்ந்தார்கள். பைக்கில் வந்த ஒருவர் ஓரமாக நிறுத்தி சல்யூட் வைத்தார். அவரும் பட்டாளத்தில் இருந்தவராக இருக்கும்.

இரண்டு கைகளாலும் டேஷ்போர்டைப் பிடித்திருந்த நல்லகாமன் ஒரு கையை எடுத்தார். கொஞ்ச தூரம் போனதும் மறு கையையும் எடுத்தார்.

"நல்லாத்தேன் போகுது" என்றார், யாருக்கோ சொல்வதுபோல.

கருமாத்தூர் நெருங்கும்போது என்ஜினின் குரல் மாறியது.

முதலில் கேட்டது அன்னக்கொடிக்குத்தான். "ஏங்க..." என்றாள். அவர் மிதித்தும் வேகம் ஏறவில்லை. வண்டி இருமியது. அழகுபாண்டி ஓரம் கட்டினார். என்ஜின் இரண்டு முறை விக்கி, நின்றுபோனது.

அந்தத் திடீர் அமைதியில் பின்னால் கிரேன் பிரேக் பிடித்த சத்தம் பெரிதாகக் கேட்டது. கிரேன் டிரைவர் இறங்கி, சங்கிலியை எடுத்துத் தரையில் போட்டார்.

எதிரே ஒரு டீக்கடை. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் தம்ளரோடு எழுந்து வந்தார்கள். "என்னய்யா, பட்டாளம் பாதியில நின்னுருச்சு?" என்றது ஒரு குரல். சிலர் சிரித்தார்கள்.

நல்லகாமன் சிரிக்கவில்லை. "மதினி..." என்று தயங்கினார்.

"கட்டி இழுக்குறதுக்கு முன்னாடி ஒரு டீ குடிங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அன்னக்கொடி இறங்கினாள். சேலையைத் தூக்கிச் செருகி, கிரேன் டிரைவரிடம் ஸ்பேனர்களை வாங்கினாள். டீசல் ஃபில்டரின் மேல் இருந்த சின்ன திருகாணியைத் தளர்த்திவிட்டு, "பம்ப் அடிங்க" என்றாள்.

அழகுபாண்டி கைப்பம்பை அடித்தார். திருகாணி வழியாக டீசல் வரவில்லை. நுரைதான் வந்தது. சோப்புத் தண்ணீர் மாதிரி வெள்ளை நுரை.

"காத்து இழுக்குது" என்றார் அவர்.

அவள் தலையாட்டினாள். முந்தானையால் விரலைத் துடைத்து, டேங்கிலிருந்து வரும் குழாயின் மேல் மெதுவாக ஓட்டிக்கொண்டே போனாள். ஒவ்வொரு இணைப்பிலும் நின்று விரலைப் பார்த்தாள். பம்புக்குள் குழாய் நுழையும் போல்ட்டில் விரல் ஈரமானது.

"இங்க."

போல்ட்டைக் கழற்றினார்கள். அதன் அடியில் இருந்த செப்பு வாஷர் இறுகிப்போய், ஒரு பக்கம் மட்டும் பளபளத்தது. மறுபக்கம் சரியாக உட்காரவே இல்லை. அந்த மயிரிழைச் சந்தில்தான் காற்று புகுந்திருக்கிறது.

"புது வாஷர் டப்பாவுல இருக்கு" என்று சொன்ன அழகுபாண்டியின் முகம் அப்படியே விழுந்தது. டப்பா வீட்டுத் திண்டில் இருந்தது. பீடத்தில் ஏறப்போகிற வண்டிக்கு வாஷர் எதற்கு என்று அவர்தான் இறக்கி வைத்தார்.

அன்னக்கொடி வாஷரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு ரோட்டைக் கடந்து டீக்கடைக்குள் நேராகப் போனாள்.

"அண்ணே, அடுப்ப ஒரு நிமிசம் எனக்குக் குடுங்க."

டீ மாஸ்டர் ஒன்றும் புரியாமல் பால் சட்டியை இறக்கினார். அவள் ஒரு கம்பியில் வாஷரைக் கோர்த்து நெருப்பில் பிடித்தாள். செம்பு முதலில் கறுத்தது. பிறகு மெல்லச் சிவந்து, கொய்யாப்பழத்தின் உள்சதை போன்ற நிறத்துக்கு வந்தது. தம்ளர் கழுவும் தண்ணீரில் போட்டாள். சொய்யென்றது.

"இறுகுன செம்பு சுட்டா இளகிரும்" என்றாள், வாயைப் பிளந்து நின்ற மாஸ்டரிடம். "இப்ப அழுத்துனா அழுத்துன எடத்துல உக்காரும்."

வாஷரைத் துடைத்து மாட்டி, போல்ட்டை இறுக்கினாள். அழகுபாண்டி பம்ப் அடித்தார். நுரை வந்தது. இன்னும் அடித்தார். நுரை குறைந்து குமிழியானது. குமிழியும் போய், கண்ணாடி மாதிரி டீசல் வழிந்ததும் திருகாணியை மூடினாள்.

"போடுங்க."

ஒரு சுற்று. இரண்டு சுற்று. பிடித்துக்கொண்டது.

கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். மற்றவர்கள் கைதட்டினார்கள். சற்று முன் கேலி செய்த குரலே, "யாருய்யா அந்தம்மா?" என்று கேட்டது.

"எங்க மதினி" என்றார் நல்லகாமன். சத்தமாகச் சொன்னார். பிறகு, போதவில்லை என்று தோன்றியதோ என்னவோ, "எங்க அண்ணன் பொண்டாட்டி. இந்த வண்டிய வீட்ல வச்சு ரெண்டு பேருமாச் செஞ்சதுய்யா. முழுசா!" என்றார்.

அழகுபாண்டி சீட்டில் உட்கார்ந்தபடி அதைக் கேட்டார். கைதட்டு அவருக்கு இல்லை. அவளுக்குத்தான். மேடையில் நின்றபோது இல்லாத ஒரு நிறைவு இப்போது இருந்தது.

நல்லகாமன் கிரேன் டிரைவரிடம் போனார். "சங்கிலிய எடுத்து வையிப்பா. நீ கெளம்பு. இனி பின்னாடி வர வேணாம்."

"வழியில மறுபடி நின்னா சார்?"

"நின்னா எங்க மதினி பாத்துக்குவாக."

உசிலம்பட்டி எல்லையில் நினைவிடம் புதுச் சுண்ணாம்பு மணத்தோடு இருந்தது. நடுவில் வெறும் பீடம். ஓரத்தில், பெயர் வெட்டிய கருங்கல் பலகை சாக்கு போர்த்திக் கிடந்தது. நாளைக்காகச் சில பெண்கள் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

லாரி வந்து நின்றதும் அதில் ஒருத்தி விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வந்தாள். இருளாயி. மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருப்பவள். அவள் கணவன் ஒச்சப்பன் ராணுவத்தில் லாரி டிரைவர். மலைப்பாதை சரிந்து, வண்டியோடு போய்விட்டவன். அந்தக் கருங்கல்லில் அவன் பெயர் இருக்கிறது.

மட்கார்டின் மேல் கை வைத்தாள். "இதுதானா அண்ணே அவரு ஓட்டுனது?"

"இதே மாதிரி வண்டிதேன் ஆத்தா" என்றார் அழகுபாண்டி. "இது இல்ல."

"ஏறிப் பாக்கலாமா?"

அவர் இறங்கிக் கொடுத்தார். அன்னக்கொடி கை கொடுத்து ஏற்றிவிட்டாள். இருளாயி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைத் தொடாமல் பார்த்தாள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அதிர்வில் அவள் கண்ணாடி வளையல் கிணுகிணுத்தது.

"இந்தச் சத்தத்த அவரு வாயாலயே போட்டுக் காட்டுவாரு" என்றாள். "லீவுல வந்தா தூக்கத்துலயும் கியர் போடுவாரு. என் கையத்தேன் பிடிச்சு இழுப்பாரு." சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி சிரித்தாள்.

பிறகு நல்லகாமனைப் பார்த்து, "இத மேல ஏத்தப் போறீகளாமே, எதுக்கு?" என்றாள்.

"ஒரு ஞாபகத்துக்குத்தேன் ஆத்தா."

"ஞாபகத்துக்குத்தேன் பேரு வெட்டியிருக்கீகளே. மேல ஏத்திட்டா இந்தச் சத்தம் கேக்குமா? திரும்பி வராதவகளுக்குத்தேன் கல்லு தம்பி. இது திரும்பி வந்துருக்கு. ஓடட்டும்."

நல்லகாமன் பீடத்தைப் பார்த்தார். சாக்கு போர்த்திய கல்லைப் பார்த்தார். நீண்ட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. கான்ட்ராக்டருக்குப் போன் போட்டார்.

"கல்வெட்ட நடுப் பீடத்துல நிறுத்திருங்க. ஆமா, இன்னைக்கே. வண்டி கீழதேன் நிக்கும்... பிரிகேடியர் கேட்டா நான் சொல்லிக்கிறேன். குடுத்த வாக்குப்படி வண்டி வருதுய்யா, எங்க அண்ணன் ஓட்டிக்கிட்டு வாராரு!"

போனை வைத்துவிட்டு அண்ணனிடம், "நாளைக்கு மார்க்கெட்ல இருந்து உசுர விட்டவங்க குடும்பத்தப் பூரா நம்ம வண்டியில ஏத்திக்கிட்டு வந்துருவோம்ணே. பின்னாடி சேர் போட்டுருவோம்" என்றார்.

நம்ம வண்டி. அன்னக்கொடி அதைக் கவனித்தாள். கணவரைப் பார்த்தாள். அவரும் கவனித்திருந்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு இருவரும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

"நான் முன்னாடிதேன் உக்காருவேன்" என்றாள் இருளாயி, இறங்கிக்கொண்டே. கீழே வந்தும் போகாமல் நின்றாள். "அன்னக்கொடி, ஒண்ணு கேக்கவா? சோழவந்தான்ல எங்க அண்ணன் தென்னந்தோப்புல இதே மாதிரி ஒண்ணு கெடக்குது. காய் ஏத்த வாங்குனது. நின்னு எம்புட்டோ காலமாச்சு. இரும்புக்குப் போடப் போறேன்னு சொல்லிக்கிட்டிருக்காரு. நாளக்கழிச்சு ஆள் வருதாம்."

அன்னக்கொடியின் தலை திரும்பியது. "என்ஜின் இருக்கா அதுல?"

"இருக்கும்போல. அதுக்கு மேலதேன் கோழி முட்டை வைக்குது."

"கொடி" என்றார் அழகுபாண்டி எச்சரிக்கையாக. "முத்தத்துல எடமில்ல. மொதல்ல நாளைக்கு விழா முடியட்டும். அப்புறம் உக்காந்து, நிதானமா..."

அவர் முடிக்கவில்லை. கேபினுக்குள் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நல்லகாமன் ஏறி உட்கார்ந்து, முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"சோழவந்தானுக்கு எப்படிப் போறது மதினி? செக்கானூரணி போய்த் திரும்பணுமா, இல்ல குறுக்க வழி இருக்கா?"